ஃபேரோ சாண்டர்ஸ் (1940–2022): அந்த அலறலை நாம் எப்படிக் கேட்கிறோம்?

நொய்யல்கரையான் (கோயம்புத்தூர்), 25 செப்டம்பர் 2022, முற்பகல்

இன்று மகாளய அமாவாசை. விடியற்காலையில் பேரூர்ப் படித்துறையில் என் தந்தைக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு படியில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தபோதுதான் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் காலமான செய்தியைப் பார்த்தேன். நேற்று, செப்டம்பர் 24 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் உயிர் பிரிந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் அவருக்கு 82 வயது நிறைந்திருக்கும். சுற்றிலும் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே, எனக்கு உறவும் இல்லாத, நான் நேரில் கண்டும் இராத அந்த மனிதருக்காக இன்னொரு கை எள்ளை நொய்யலில் விட்டேன். முறைப்படி அது சரியா என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை. விடாமல் எழுந்து வர மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

அவரைக் கேட்டிராதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் 1940 அக்டோபர் 13 அன்று பிறந்தவர். தேவாலயத்தில் பாடுவோருக்குத் துணையாகக் கிளாரினெட் வாசித்துத் தொடங்கி, பள்ளி நாள்களிலேயே டெனர் என்ற வகைச் சாக்ஸபோனுக்கு வந்து சேர்ந்தார். 1959இல் ஓக்லாந்துக்கும், பிறகு நியூயார்க்குக்கும் சென்றவருக்கு அங்கே தங்குவதற்கு ஓர் அறைகூட இல்லை. சுரங்க ரயிலில் உறங்கியும் இரத்தத்தை விற்றுச் சாப்பிட்டும் காலத்தை ஓட்டியவருக்குத் தங்க இடமும் உடுத்தத் துணியும் கொடுத்துத் தம் குழுவில் வாசிக்கவும் வைத்தவர், சன் ரா என்ற விசித்திரமான பெரிய கலைஞர். 1965இல் ஜாஸ் உலகின் பெரிய சாக்ஸபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேன் அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு ஜூன் 28 அன்று பதினொரு கலைஞர்கள் ஒன்றுகூடிப் பதிவு செய்த 'அசென்ஷன்' இசைத்தட்டில் தொடங்கி, 1967 ஜூலை 17 அன்று கோல்ட்ரேன் தம் 40ஆம் வயதில் மறையும் வரை சாண்டர்ஸ் அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார்.

எனக்கு அவர் அறிமுகமானது கல்லூரி விடுதியில் யாரோ நகலெடுத்துக் கொடுத்த ஒலிநாடா ஒன்றின் வழியாக. அதில் இருந்தது 1969ஆம் ஆண்டின் 'கர்மா'. அதன் முதன்மையான உருப்படியான 'தி கிரியேட்டர் ஹேஸ் எ மாஸ்டர் பிளான்' 32 நிமிடங்களைத் தாண்டி ஓடுவது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் மறுபக்கத்திலும் தொடர்ந்தது. முதலில் அமைதியான அழைப்பு ஒன்று. பிறகு இரண்டே இரண்டு சுருதிகளுக்கு இடையே ஊஞ்சலாடும் கனத்த தந்தி ஒலி, சலங்கை, புல்லாங்குழல், லியோன் தாமஸ் என்பவருடைய குரல். அது தாலாட்டுப் போலவே நெடுநேரம் நடந்து, சிறிது சிறிதாக விரைவு கூடி, ஒரு கட்டத்தில் சாக்ஸபோன் பாடுவதை விட்டுவிட்டு அலறத் தொடங்கிவிடும்.

ஒரு விடுமுறையில் அதை வீட்டில் போட்டிருந்தேன். என் தந்தை பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அன்று இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். அலறல் வந்ததும் எழுந்து வந்து, "என்றா இது, மில்லுச் சங்கு ஊதறாப்பல" என்றார். நான் நிறுத்தப் போனேன். அவர் கையமர்த்திவிட்டு, கதவு நிலையில் சாய்ந்தபடி முடியும் வரை நின்றார். முடிந்ததும், "ஆரோ மனசு உட்டு அழுவறாங்கடா. பாட்டுன்னு நெனச்சுக் கேட்டாத்தான் கஷ்டமாருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுக்கப் போய்விட்டார். சாண்டர்ஸைப் பற்றி அதைவிட உண்மையான ஒரு சொல்லை நான் வேறெங்கும் படித்ததில்லை. அவரைக் கேட்டவர்கள், கேட்டு வெறுத்தவர்களும்தான், தாங்கள் கேட்டது எதுவென்று இங்கே எழுதுங்கள்.

தறிச்சத்தம் (சோமனூர்), 25 செப்டம்பர் 2022, மாலை

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று மதியம் அதை முழுமையாகக் கேட்டேன். ஒரு பெரியவர் இறந்திருக்கும் நாளில் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மையாகச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் பதினைந்து நிமிடங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. அதன் பிறகு வந்த பகுதியில் எனக்கு அழுகை கேட்கவில்லை, இரைச்சல்தான் கேட்டது. நாங்கள் இருபத்து நான்கு விசைத்தறிகள் வைத்து நடத்துகிறோம். ஒரு கொட்டகைக்குள் அத்தனை தறிகளும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு நாடா அடிக்கும் சத்தம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப் பிழைக்கிற எனக்கு இசை என்பது அந்தச் சத்தத்திலிருந்து விடுதலை தர வேண்டும். வேண்டுமென்றே சத்தத்தை உண்டாக்கி, அதற்கு இறைவன் பெயரையும் வைத்து ஒருவர் வாசிக்கும்போது, நான் அதற்குள் எந்த வழியாக நுழைவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாமல் அப்படி வாசித்தாரா, தெரிந்தே வாசித்தாரா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை.

சீவாளி (பவானி), 25 செப்டம்பர் 2022, இரவு

சோமனூர்த் தம்பி கேட்டது நல்ல கேள்வி. நான் நாற்பது ஆண்டுகளாக நாதஸ்வரம் வாசிக்கிறேன். ஜாஸ் பற்றிப் படித்தவன் அல்லன். ஊதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தெரியாமல் அப்படி வாசிக்க முடியாது. சாக்ஸபோனும் நாதஸ்வரமும் ஒரு வகையில் உறவுக்காரர்கள். இரண்டின் உட்குழலும் வாய்ப்பக்கம் குறுகி, போகப் போக விரிந்துகொண்டே போவது. அதனால்தான் இரண்டிலும் அழுத்தி ஊதினால் அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் எழும். கிளாரினெட்டின் குழல் பெரும்பாலும் ஒரே பருமன் உடையது. அதில் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குப் போய்விடும். எங்கள் சீவாளி நாணல் தட்டையில் செய்த இரட்டை நாக்கு, சாக்ஸபோனில் இருப்பது ஒற்றை நாக்கு என்பது முக்கியமான வேறுபாடு. ஆனால் உதட்டுப் பிடிக்கும் மூச்சுக்கும் தட்டைக்கும் நடுவே நடக்கும் இழுபறி இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு சுரம் சுத்தமாக வருவதென்றால் அந்த மூன்றும் ஒரு நேர்கோட்டில் நிற்கின்றன என்று பொருள். மூச்சைக் கூட்டி, உதட்டை ஒரு மயிரிழை மாற்றி, விரலடைப்பையும் வழக்கத்துக்கு மாறாக வைத்தால் அந்தச் சுரம் பிளந்து, அதற்குள் அடங்கிக் கிடக்கிற இரண்டு மூன்று சுரங்கள் ஒருசேர வெளியே வரும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இது தவறுதலாக நிகழும். நாங்கள் "பிசிறு அடிக்கிறது" என்று சொல்லித் திருத்துவோம். சாண்டர்ஸ் செய்தது என்னவென்றால், அந்தப் பிசிறை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு வரவழைத்து, அதை நிறுத்தி வைத்து, அதற்குள்ளேயே ஏறி இறங்கியது. ஒரு கார்வையை, அதாவது நீட்டிப் பிடிக்கும் சுரத்தை, சுத்தமாகப் பிடித்து நிற்பதற்கே அடிவயிறு வலிக்கும். பிளந்த சுரத்தைக் கார்வையாகப் பிடிப்பதற்கு என்ன பலம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு, கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து மூக்கால் மூச்செடுக்கும் வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. ஒலி அறுபடாமல் நிமிடக்கணக்கில் போகும்.

இன்னொன்று. கோல்ட்ரேனும் இவரும் கலிபோர்னியாவில் முதலில் பழகிய நாள்களில், சாக்ஸபோனின் வாய்முனைகளைத் தேடி இருவரும் கடை கடையாக அலைந்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே அவர் என் இனத்தவர் என்று தோன்றிவிட்டது. இருபது சீவாளி வாங்கினால் இரண்டுதான் பேசும். அந்த இரண்டுக்காகத் தஞ்சாவூர்ச் சீமைக்குப் பேருந்து ஏறாத நாதஸ்வரக்காரன் கிடையாது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நொய்யல்கரையான் அலறலைப் பற்றியே எழுதிவிட்டார். எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது நாதத்தின் பருமன். மெதுவாக ஒரு மெட்டை எடுத்து வாசிக்கும்போது, ஒவ்வொரு சுரமும் நன்றாக எண்ணெய் ஊறிய உலவிலிருந்து (நாதஸ்வரத்தின் மரக்குழல்) வருவதுபோல் முழுமையாக வந்து விழும். அவ்வளவு அழகான நாதம் உள்ளவர் அதைத் தாமே உடைக்கிறார் என்பதால்தான் அந்த உடைப்பு நம்மைத் தைக்கிறது. நாதம் இல்லாதவன் கத்தினால் வெறும் கத்தல்தான். தம்பி, நீங்கள் 1980இல் வந்த 'ஜர்னி டு தி ஒன்' என்ற தொகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் கோட்டோ என்ற ஜப்பானிய நரம்புக் கருவியோடு அவர் வாசித்திருக்கும் உருப்படியை இரவில் கேளுங்கள்.

ரயிலடி (போத்தனூர்), 26 செப்டம்பர் 2022, காலை

பெரியவருக்கு வணக்கம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவள். குழலின் வடிவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மாணவிகளுக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு ஒன்று. என் வீட்டிலிருந்து செட்டிபாளையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த ஊரில் 1914 டிசம்பர் 22 அன்று இராமசாமி என்ற பெயரில் பிறந்து, கோவை வேளாண்மைக் கல்லூரியில் படித்து, மணமுடித்து, மனைவியை இளமையிலேயே இழந்து, 1949இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்றவர் சுவாமி சச்சிதானந்தர். இலங்கையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1966இல் நியூயார்க் போனார். 1969 ஆகஸ்ட் 15 அன்று வுட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் அந்தப் பெருங்கூட்டத்தின் முன் அமர்ந்து பேசியவர் அவர்தான். இதெல்லாம் நம் பக்கத்தில் பலருக்கும் தெரிந்தது. அவர் பெயரைத் தாங்கிய ஒரு ஜாஸ் இசைத்தட்டு உண்டென்பதும், அதில் சாக்ஸபோன் வாசித்தவர் ஃபேரோ சாண்டர்ஸ் என்பதும் எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கோல்ட்ரேன் மறைந்தபோது அவருடைய மனைவி ஆலிஸுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. நான்கு பிள்ளைகள். உறக்கமும் உணவும் இழந்து நெடுங்காலம் தவித்த அந்தப் பெண் சச்சிதானந்தரிடம் ஆறுதல் கண்டார். 1970 நவம்பர் 8 அன்று நியூயார்க் மாநிலத்தில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் தம் வீட்டிலேயே இருந்த பதிவுக்கூடத்தில் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' தொகுப்பின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். அடுத்த மாதமே சுவாமிகளோடு இந்தியாவுக்குப் பயணம் வந்தார். 1971இல் தட்டு வெளிவந்தது.

தலைப்பு உருப்படி எப்படித் தொடங்குகிறதென்று சொல்கிறேன். முதலில் தம்புரா. நம் வீட்டுப் பூசையறையில் கேட்கும் அதே மீட்டல். அதன்மேல் செசில் மெக்பீ என்பவரின் பெரிய தந்தி வாத்தியம் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடக்கிறது. ஆலிஸ் மீட்டும் ஹார்ப் என்ற நரம்புக் கருவியின் ஒலி தண்ணீர் தெறிப்பதுபோல் விழுகிறது. இவை எல்லாம் வந்து அமர்ந்த பிறகுதான் சாண்டர்ஸ் நுழைகிறார். கையில் டெனர் இல்லை. சோப்ரானோ, நேராக நாதஸ்வரம் போலவே தோற்றமளிக்கும் சிறிய சாக்ஸபோன். அலறல் இல்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர் வாசலில் செருப்பை ஓசையில்லாமல் கழற்றுவது போன்ற ஒரு நுழைவு. கோல்ட்ரேனோடு கடைசி வரை நின்றவர், அவர் போன பிறகு அவருடைய வீட்டிலேயே, அவருடைய மனைவி மீட்டும்போது, அடக்கமாகப் பக்கத்தில் இருந்து வாசிக்கிறார். நான் அழாமல் அதைக் கேட்ட நாள் இல்லை.

காவிரிமேடு (ஈரோடு), 26 செப்டம்பர் 2022, பிற்பகல்

எல்லோரும் மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வெறுமனே அஞ்சலி செலுத்த என்னால் முடியவில்லை.

நாதஸ்வரம், தம்புரா, செட்டிபாளையம் என்று வரிசையாக அடுக்கும்போது, அந்த மனிதரை நாம் நம் ஊர்க்காரராக ஆக்கிக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது. அவர் பிறந்த ஊரை நினைத்துப் பாருங்கள். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் படிக்கப் போனபோது வெறிக் கூட்டம் அவர்களை மறித்தது. ஆளுநர் காவல் படையை நிறுத்தித் தடுத்தார். கடைசியில் அதிபர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்பித்தான் அந்தப் பிள்ளைகள் வகுப்பறைக்குள் போக முடிந்தது. அப்போது சாண்டர்ஸுக்குப் பதினாறு வயது, ஆற்றுக்கு மறுகரையில் வட லிட்டில் ராக்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் அந்த ஊரில் வளர்ந்த ஒருவரின் மூச்சில் எதுவெல்லாம் சேர்ந்திருக்கும்? 1965இல் அந்த மூச்சு சாக்ஸபோனில் வெளிவந்தபோது அதை அமைதியும் ஆன்மிகமும் என்று மட்டும் பெயரிட்டு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவருடைய தொகுப்புகளின் பெயர்களையே பாருங்கள். 1967இல் வந்த 'தவ்ஹீத்' என்பது இறைவன் ஒருவனே என்பதைக் குறிக்கும் அரபுச் சொல். 1970இன் தொகுப்பு ஒன்றின் பெயர் குர்ஆனிலிருந்து எடுத்தது. செவிடர், ஊமையர், குருடர் என்று பொருள். 1971இல் வந்த ஒன்றுக்குக் 'கறுப்பின ஒற்றுமை' என்றே பெயர். எகிப்து, ஆப்பிரிக்கா, இஸ்லாம், இந்தியா, ஜப்பான் என்று அவர் தேடிப் போன திசைகள் பல. அவற்றில் நம்முடையது ஒன்று. 'தி கிரியேட்டர்' என்று அவர் பாடவைத்தது எந்தக் கோவில் தெய்வத்தையும் அன்று.

ஈரோட்டில் பங்குனியில் பெரிய மாரியம்மன் கோவிலில் கம்பம் நட்டதும் இரவெல்லாம் பறை அதிர ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 'கர்மா'வில் வேகம் ஏறும்போது எனக்கும் அந்த ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த நினைவு என்னுடையது, அவருடையதன்று என்பதை மட்டும் நான் மறக்கக் கூடாது.

ரயிலடி (போத்தனூர்), 26 செப்டம்பர் 2022, மாலை

நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். லிட்டில் ராக் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சுவாமிகளின் வரலாற்றை மட்டும் எழுதியது என் குறை. சாண்டர்ஸ் சச்சிதானந்தரின் சீடர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அந்தத் தலைப்பு ஆலிஸுடைய நன்றி, அவ்வளவே.

ஆனால் உங்களோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். நாம் வலிந்து இந்த உறவை ஒட்டவைக்கவில்லை. கோல்ட்ரேன் 1961இலேயே 'இந்தியா' என்ற பெயரில் ஓர் உருப்படி வாசித்தார். சிதார்க் கலைஞர் இரவி சங்கர் மீது கொண்ட மதிப்பால் தம் மகனுக்கு இரவி என்று பெயர் வைத்தார். 1965 அக்டோபரில் பதிவான 'ஓம்' என்ற உருப்படியில் பகவத் கீதையின் வரிகள் ஓதப்படுகின்றன, அந்தக் குழுவில் சாண்டர்ஸும் இருந்தார். தங்கள் ஊரில் தங்களுக்கு மறுக்கப்பட்ட பெருமிதத்தை உலகம் முழுவதும் தேடிப் போனவர்கள் அவர்கள். தேடி வந்தவர்களுக்குக் கதவு திறந்திருந்தது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அவர்கள் எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சரி. இனி வகுப்பில் இந்தத் தட்டைப் போடும்போது அதையும் சொல்லித்தான் தொடங்குவேன்.

நொய்யல்கரையான் (கோயம்புத்தூர்), 27 செப்டம்பர் 2022, இரவு

இரண்டு நாளாக வேலையிடத்திலும் இதே நினைவாக இருக்கிறேன். காவிரிமேடு எழுதியதைப் படித்த பிறகு என் தந்தை சொன்னதை இன்னொரு விதமாகக் கேட்கிறேன். ஆரோ அழுகிறார்கள் என்று சொன்ன அவருக்கு அழுபவர் யார், எந்த நாடு, என்ன காரணம் என்று எதுவும் தெரியாது. தெரியாமலேயே அழுகை என்று கண்டுகொண்டார். தெரிந்துகொள்ள வேண்டிய கடமை படித்த எனக்கு இருந்தது. நான் அந்த ஒலிநாடாவைப் பத்து ஆண்டுகள் தேய்த்த பிறகும் லிட்டில் ராக் பற்றிப் படிக்கவில்லை.

சீவாளி ஐயாவிடம் ஒரு கேள்வி. நம் பக்கத்தில் சாக்ஸபோன் என்றாலே கத்ரி கோபால்நாத் அவர்களைத்தான் நினைப்பார்கள். அவர் 2019 அக்டோபரில் மறைந்தபோது இங்கே பலரும் எழுதினோம். கர்நாடக இசையின் கமகங்களுக்காக அந்தக் கருவியையே அவர் மாற்றியமைத்துக்கொண்டார். சாண்டர்ஸ் கருவியை அப்படியே வைத்துக்கொண்டு தம் உதட்டையும் மூச்சையும் மாற்றினார் என்று சொல்லலாமா?

சீவாளி (பவானி), 28 செப்டம்பர் 2022, காலை

சொல்லலாம் என்றே நினைக்கிறேன். கோபால்நாத் அவர்கள் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். வழுவழுப்பான இழைவு அவருக்கு வேண்டியிருந்தது, அதற்குக் கருவி இடம் கொடுக்கவில்லை, மாற்றினார். சாண்டர்ஸுக்கு வேண்டியதோ கருவிக்குள்ளேயே இருந்தது. கருவியைச் செய்தவர் அதை வெளியே வரவிடாமல் அடக்கி வைத்திருந்தார், இவர் அவிழ்த்துவிட்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒருவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் மலேசியாவில் நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, பிறகு தென்னிந்தியாவுக்கு வந்து தங்கி முறையாகக் கற்றுக்கொண்டு, மேடையிலும் வாசித்தார். 2009இல் காலமானார். எங்கள் சீவாளியைக் கற்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. நாற்பது வயதுக்கு மேல் உதட்டுப் பிடியை மாற்றுவது விளையாட்டில்லை.

சாண்டர்ஸ் வாசித்த எல்லாமே ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். 1978இல் வானொலிக்கு ஏற்றாற்போல் பளபளப்பாகச் செய்த ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் அவர் நாதம் பஞ்சு மெத்தைக்குள் புதைந்து கிடக்கிறது. அஞ்சலி என்பதற்காக அதையும் புகழ வேண்டியதில்லை. அதே மனிதர் 1994இல் மொரோக்கோவுக்குப் போய் அங்குள்ள கினாவா என்ற இசை மரபின் பெரிய கலைஞரான மஹ்மூத் கானியாவோடு வாசித்தபோது, மறுபடியும் காட்டாறாகப் பாய்கிறார்.

தறிச்சத்தம் (சோமனூர்), 30 செப்டம்பர் 2022, அதிகாலை

இதை எழுதும்போது மணி ஐந்தாகப் போகிறது. இரண்டரை மணிக்கு மின்சாரம் போய்விட்டது. இருபத்து நான்கு தறியும் ஒன்றாக நின்றால் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். சத்தம் போன பிறகு அமைதி வருவதில்லை. காதுக்குள் ஒரு ரீங்காரம் எழுந்து, சிறிது நேரம் அதுவே தறியின் இடத்தில் நிற்கும். வேலையாள்கள் திண்ணையில் படுத்துவிட்டார்கள். நான் நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஐயா சொன்ன கோட்டோ உருப்படியை முதலில் கேட்டேன். நாதத்தின் பருமன் என்று நீங்கள் சொன்னது எதுவென்று இப்போது தெரிகிறது.

பிறகு கைப்பேசி தானாகவே 'பிராமிசஸ்' என்ற தொகுப்புக்குப் போயிற்று. 2021இல் வந்தது, ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஆங்கிலேய இளைஞரும் லண்டன் சிம்பனி இசைக்குழுவும் இவரோடு சேர்ந்து செய்தது என்று அதில் எழுதியிருந்தது. 46 நிமிடம். ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சின்னத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, ஊடு நூல் போய்ப் போய் வருவதுபோல. அது வந்துகொண்டே இருக்க, அவர் எப்போதாவது ஒரு வரி வாசிக்கிறார், நிறுத்திவிடுகிறார். நடுவில் ஓரிடத்தில் கருவியை எடுத்துவிட்டு வாயாலேயே ஏதோ முணுமுணுக்கிறார். சொல் ஒன்றும் இல்லை. எங்கள் அம்மாயி கடைசி நாள்களில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு தனக்குத்தானே அப்படி ஏதோ பேசிக்கொண்டிருப்பார். ஒரு மூச்சு, ஒரு இழுவை, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. எண்பது வயதுக்காரரின் உதடு அந்தத் தட்டையில் படுகிற ஈரச் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அதன் பிறகு, காவிரிமேடு எழுதியதை நினைத்துக்கொண்டு, 'கர்மா'வின் அந்தப் பகுதியை மறுபடியும் போட்டேன். அண்ணா, அது இன்னும் எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் தறிச் சத்தம் யாரையும் கூப்பிடாது. இது யாரையோ கூப்பிடுகிறது. அந்த வித்தியாசம் தெரிந்தது. முழுவதும் கேட்பதற்குள் மின்சாரம் வந்துவிட்டது, எழுந்து போய்த் தறியை ஓட்ட வேண்டியதாயிற்று. மீதியை நாளை கேட்கிறேன்.

சீவாளி (பவானி), 30 செப்டம்பர் 2022, இரவு

தம்பி, அவசரமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நேற்று மாலை என்னிடம் கற்கும் பையனுக்கு 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பதினான்கு வயது; அரசுப் பள்ளியில் படிக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சோப்ரானோ நுழைந்ததும், "இது என்ன ராகமுங்க ஐயா?" என்றான். ராகம் என்று பெயர் சொல்ல முடியாது, அது வேறு மரபு என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தன் சீவாளியை வாயில் வைத்து நனைத்து, கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் பொருத்தி, தம்புராவின் சுருதியைப் பிடித்துக்கொண்டு ஆதார ஷட்ஜத்தை ஊதத் தொடங்கினான். பிசிறு அடித்தது. வழக்கமாக உடனே நிறுத்தித் திருத்துவேன். நேற்று அந்தக் கார்வை தானாக அடங்கும் வரை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 13 அன்று சாண்டர்ஸின் பிறந்தநாள் என்று எழுதியிருந்தீர்கள். வியாழக்கிழமை வருகிறது. எனக்கு அன்று கச்சேரி இல்லை. பவானிக்கு வர முடிந்தவர்கள் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். தட்டு என்னிடம் இல்லை. ரயிலடி அம்மா கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்.